டர்போவா, டர்போ இல்லாமலா: எந்த இன்ஜின் நடுவழியில் கைவிடாது?

கேட்டிருப்பது இது: நான்கு சிலிண்டர், 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, கம்பெனியிலிருந்து வந்தபோது 150 குதிரைத்திறன். அதை 220-க்குக் கொண்டுபோக வேண்டும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), பிஸ்டன் என்று உள்ளே வேலை செய்து டர்போ இல்லாமலே ஏற்றுவதா, அல்லது டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அமுக்கும் கருவியை, மாட்டுவதா? தினமும் வேலைக்குப் போய்வரும் கார், அதனால் நம்பகம்தான் முக்கியம் என்கிறீர்கள். இதற்கு வழக்கமாக வரும் பதில், "டர்போ போட்டால் சூடு, சீக்கிரம் உடையும், டர்போ இல்லாதது எளிமை, நின்று உழைக்கும்" என்பது. அதில் பாதிதான் உண்மை. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எது சீக்கிரம் கெடும் என்பது ஒன்று. கெடும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கெடுமா, திடீரென்று காலை வாருமா என்பது இன்னொன்று. தினசரி ஓட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

இருபது வருடத்துக்கு மேலாக பெட்ரோல் இன்ஜின்களைப் பிரித்துச் சேர்க்கிற வேலை என்னுடையது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேஜைக்கு வருவதெல்லாம் செத்த இன்ஜின்தான். ஒழுங்காக ஓடுகிற இன்ஜினை யாரும் பிரிக்கக் கொண்டுவருவதில்லை. ஆகவே டர்போ வைத்ததில் நூற்றுக்கு எத்தனை உடைகிறது என்று கேட்டால் நான் சொல்லும் எண்ணுக்கு மதிப்பு கிடையாது. மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று சொல்வது போலத்தான் ஆகும். எப்படிச் செத்தது என்று கேளுங்கள், அதைச் சொல்லத் தெரியும்.

குதிரைத்திறன் என்பது டார்க்கும் (தண்டைத் திருப்பும் விசை) ஆர்பிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சேர்ந்து பெருகி வருவது. வேறு வழியே இல்லை. டர்போ இல்லாத இன்ஜினில் டார்க்குக்கு ஒரு கூரை உண்டு. வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் சிலிண்டரை நிரப்ப வேண்டும். எவ்வளவு நல்ல ஹெட், கேம் வைத்தாலும் லிட்டருக்கு 100 நியூட்டன் மீட்டரைச் சற்றுத் தாண்டுவதே சாதனை. அப்புறம் பவர் வேண்டுமென்றால் சுற்றை ஏற்றுவதைத் தவிர வழியில்லை. உங்கள் 220-ஐ 8,000 ஆர்பிஎம்மில் எடுக்கக் கணக்குப் போட்டால் அந்தச் சுற்றில் 196 நியூட்டன் மீட்டர் வேண்டும், அதாவது லிட்டருக்கு 98. இது எந்த வரிசையில் உங்களை உட்கார வைக்கிறது தெரியுமா? 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000-இன் எஃப்20சி இன்ஜின் இதே 2 லிட்டரில் 240 முதல் 250 குதிரைத்திறன் தந்தது, 9,000 ஆர்பிஎம் வரை சுற்றியது. அதற்காக அவர்கள் ஃபோர்ஜ்ட் (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) பிஸ்டன், நார் கலந்த உலோக சிலிண்டர் சுவர், இரண்டு கேம் வடிவங்களுக்கு இடையே மாறும் வால்வ் ஏற்பாடு என்று எல்லாவற்றையும் அந்தச் சுற்றுக்காகவே வடிவமைத்தார்கள். உங்களுடையது அப்படிப் பிறந்த இன்ஜின் இல்லை. 6,500-க்காகப் பிறந்ததை 8,000-க்கு இழுக்கப் பார்க்கிறோம்.

இழுத்தால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் இது வெறும் கணக்கு. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்புகிறபோது ஏற்படும் இழுவிசை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6,500-லிருந்து 8,000 என்றால் சுற்று 23 சதவீதம்தான் கூடியது, இழுவிசை 51 சதவீதம் கூடிவிட்டது. பிஸ்டன், பின், ரிங், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல்பாதி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ. என்று வைத்துப் பாருங்கள்: 6,500-இல் கனெக்டிங் ராடை ஏறக்குறைய 1.3 டன் எடை பிடித்து இழுப்பது போல, 8,000-இல் 2 டன். இந்த இழுப்பு மிக மோசமாக இருப்பது, எரிந்த புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் என்றால் மேலே வாயு அழுத்தம் பிஸ்டனைத் தடுத்து அணைக்கும். எக்ஸாஸ்ட் உச்சியில் அந்த மெத்தை இல்லை. முழுப் பாரமும் ராடிலும், அதன் கீழ்மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டிலும்தான். 8,000-இல் விநாடிக்கு 66 தடவைக்கு மேல் இது நடக்கிறது. பிளாக்கில் ஓட்டை போட்டு வெளியே வந்து நிற்கும் ராடுகளைப் பார்த்திருப்பீர்கள். ராடு போல்ட் விட்டுப்போவது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இதே 220-ஐ டர்போவில் எடுத்தால் கணக்கு மாறுகிறது. 5,500 ஆர்பிஎம்மில் 285 நியூட்டன் மீட்டர் போதும். இப்போது உங்கள் இன்ஜின் தருவது 190 என்று வைத்தால் அதைப் போல ஒன்றரை மடங்கு. இதற்கு 0.5 முதல் 0.6 பார் பூஸ்ட் வேண்டியிருக்கும். பூஸ்ட் என்பது வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தம்; 1 பார் என்றால் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு வெளிக்காற்றழுத்தம். சுற்று கூடவில்லை, அதனால் ராடை இழுக்கும் விசையும் கூடவில்லை. கூடுவது ராடை அமுக்கும் விசை. ராடு என்பது அமுக்கத்தைத் தாங்கவே பிறந்த சாமான். சாதாரண இன்ஜினிலேயே எரியும்போது 4 டன்னுக்கு மேல் அமுக்கம் வாங்கிக்கொண்டுதான் ஓடுகிறது. போல்ட்டுக்கு இதில் வேலையே இல்லை. அளவான பூஸ்டில், ஒழுங்காக எரிகிற வரைக்கும், டர்போ ஒரு இன்ஜினின் அடிப்பாகத்துக்குச் செய்யும் கொடுமை 8,000 ஆர்பிஎம் செய்வதைவிடக் குறைவு. இதைச் சொன்னால் பழைய ஆட்கள் நம்பமாட்டார்கள். ராடு போல்ட்டைக் கையில் கொடுத்துக் காட்டுவேன்.

"ஒழுங்காக எரிகிற வரைக்கும்" என்று சொன்னேன் பாருங்கள், மொத்தப் பிரச்சினையும் அந்த மூன்று சொல்லில்தான். காற்றை அமுக்கினால் சூடாகும். 30 டிகிரி காற்றை 0.5 பார் அமுக்கினால், கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், வெளியே வரும்போது 83 டிகிரி. 1 பார் அமுக்கினால் 125 டிகிரிக்கு அருகில். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நன்றாக இருந்தால் இதைப் பெரும்பகுதி கீழே இறக்கிவிடும். அதன் முன்னால் காற்று போகாமல் நம்பர் பிளேட்டோ வேறு எதுவோ அடைத்துக்கொண்டிருந்தால் இறக்காது. சூடான கலவை, அதிக அழுத்தம், பெட்ரோலில் போதாத ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை) மூன்றும் கூடும் இடத்தில், பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. அதுதான் நாக்கிங். டர்போ இல்லாத இன்ஜினில் லேசான நாக்கிங் மேட்டில் ஏறும்போது கிணுகிணுவென்று கேட்கும், மாதக்கணக்கில் கேட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பூஸ்டில் வரும் நாக்கிங் அப்படிக் காத்திருக்காது. பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய விளிம்பு உடைந்து போகும், அதுவும் கம்பெனி போட்ட வார்ப்பு பிஸ்டன் என்றால் சில விநாடியில். ஓட்டுகிறவருக்குத் தெரிவது, டிப்ஸ்டிக் குழாயிலிருந்து புகை வருவதும் ஒரு சிலிண்டர் விடுபட்ட மாதிரி வண்டி ஆடுவதும்தான். அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

இந்தப் பாடம் புதிதல்ல. 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது. சாலைக்கு விற்பனையான முதல் டர்போ கார்களில் ஒன்று. 3.5 லிட்டர் அலுமினிய வி8, கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 10.25. அந்தக் கம்ப்ரஷனில் டர்போவும் வேண்டும் என்றால் நாக்கிங் வருமே என்று, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைப் பூஸ்ட் வரும்போது உள்ளே தெளிக்க ஏற்பாடு செய்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்டைக் குறைக்க ஒரு வால்வும் வைத்தார்கள். பொறியாளர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். வாங்கியவர்களில் பலர் தொட்டியை நிரப்பவே இல்லை! வண்டி இழுக்கவில்லை என்று புகார், பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிப் போட்டார்கள். எண்பதுகளில் சாப் நிறுவனம் நாக்கிங்கைக் கேட்டுத் தானாகப் பூஸ்டைக் குறைக்கும் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த பிறகுதான், ஓட்டுகிறவர் மறந்தாலும் இன்ஜின் பிழைக்கும் நிலை வந்தது.

என் மேஜைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். டர்போ மாட்டிய கார், எட்டு மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. பூஸ்ட் அளவு மீறாமல் திறந்து புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வுக்குப் போகும், விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் ஹோஸ், சூட்டில் காய்ந்து கழன்றிருக்கிறது. வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தமே வராததால் அது திறக்கவில்லை, பூஸ்ட் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஓட்டியவர், "இன்றைக்கு வண்டி அருமையாக இழுக்கிறதே" என்று நினைத்ததாகச் சொன்னார். ஒரே ஒரு முந்தல். இரண்டாவது சிலிண்டர் பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. ராடு, கிராங்க், பேரிங் எல்லாம் புதிது போல இருந்தன. எவ்வளவு பூஸ்டுக்கு மேல் போனால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எரிபொருளை வெட்ட வேண்டும் என்ற ஒரு வரியை டியூன் செய்தவர் போட்டிருந்தால் அந்தப் பிஸ்டன் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

டர்போ இல்லாத இன்ஜின்கள் பெரும்பாலும் வேறு மாதிரி வந்து சேரும். ஆயில் குடிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். வால்வ் ஸ்பிரிங் தளர்ந்து மேல்சுற்றில் தடுமாறும். பேரிங் தேய்ந்து சூடான பிறகு ஆயில் பிரஷர் குறையும். எல்லாம் முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டுத்தான் வருகிறது. ஆனால் இதிலும் ஒரு திடீர்ச் சாவு உண்டு: ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்துவிடுவது. சுற்று அளவு மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளைத்தான் வெட்டும், சக்கரம் இன்ஜினைச் சுற்றுவதை எது வெட்டும்? ஏற்கெனவே 8,000-இல் வாழும் இன்ஜினுக்கு அந்த ஒரு தவறு போதும். சில சமயம் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, நீண்டுபோன ராடு போல்ட் அடுத்த வாரம் அறுந்துகொள்ளும்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 220 குதிரைத்திறன் எடுக்க எரியும் பெட்ரோல் இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரேடியேட்டருக்குப் போகும் சூடும் ஏறக்குறைய அதே அளவுதான். டர்போவில் கூடுதலாக வருவது பானெட்டுக்குள் 900 டிகிரி வரை போகும் ஒரு இரும்பு உருண்டை, அதைச் சுற்றி உருகக் காத்திருக்கும் வயர்களும் ஹோஸ்களும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும் தண்டுக்கு உயவு கொடுக்கும் ஆயில். முழு வேகத்தில் ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பினால், நின்றுபோன ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும். தண்ணீர் ஓடும் டர்போவில் இந்தத் தொல்லை நன்றாகவே குறைவு. ஆயிலைப் பாதி இடைவெளியில் மாற்றினால் போதும், இதற்கு மேல் இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

அடுத்தது, "ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டுவிட்டால் நம்பகம் தானாக வந்துவிடும்" என்ற நம்பிக்கை. ஃபோர்ஜ்ட் பிஸ்டன் நாக்கிங்கை வார்ப்பு பிஸ்டனைவிடப் பொறுத்துக்கொள்ளும், அது நிச்சயம். ஆனால் பந்தயத்துக்குப் பயன்படும் 2618 என்ற அலுமினியக் கலவையில் (அலாய்) சிலிக்கன் மிகக் குறைவு, சூட்டில் அதிகம் விரியும், ஆகவே சிலிண்டரில் இடைவெளி அதிகம் விட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் டக்டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு ஸ்கர்ட்டை (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரை) தேய்த்துக்கொள்ளும். தினம் நான்கு முறை குளிர்ந்த நிலையில் கிளப்பி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவருக்கு அது சரியான பிஸ்டன் இல்லை. சிலிக்கன் கூடிய 4032 அலாய் இந்த வேலைக்குப் பொருந்தும். ரிங் இடைவெளியும் அப்படியே. 86 மி.மீ. சிலிண்டரில் டர்போ இல்லாத தெருவண்டிக்கு 0.34 மி.மீ. பக்கம் விட்டால், பூஸ்டுக்கு 0.45-க்கு மேல் விடுவது வழக்கம். பிஸ்டன் தயாரித்தவர் கொடுத்த அட்டவணையே கடைசி வார்த்தை. குறைவாக விட்டால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும், பிறகு எல்லோரும் டர்போவைத் திட்டுவார்கள். சாமான் வாங்குவதைவிட அதை அளந்து சேர்க்கிற கைதான் முக்கியம் என்று இதைத்தான் சொல்கிறேன்.

கம்பெனியே டர்போவுக்காகக் கட்டிய இன்ஜினை எடுத்துப் பாருங்கள், எவ்வளவு மாற்றுகிறார்கள் என்று புரியும். டொயோட்டாவின் 2ஜேஇசட் 3 லிட்டர் இரண்டு வகையிலும் வந்தது. டர்போ இல்லாததில் கம்ப்ரஷன் 10, டர்போ வைத்ததில் 8.5. பிஸ்டனுக்குக் கீழிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட்டுகள் டர்போவுக்கு. கனத்த இரும்பு பிளாக் இரண்டுக்கும் பொது. அதைப் போலவே, நீண்டதூர லாரிகளின் டீசல் இன்ஜின்கள் டர்போவோடுதான் பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கின்றன. சுற்று குறைவு, எல்லாச் சாமானும் அந்த அழுத்தத்துக்கென்றே செய்தது. டர்போ என்ற பொருளுக்கு நம்பகக் குறைவு கிடையாது. அதற்காக வடிவமைக்காத இன்ஜினில், அதைப் பற்றி எதுவும் தெரியாத ஈசியூவோடு மாட்டுகிறபோதுதான் கணக்கு தவறுகிறது.

நான் உறுதியாகச் சொல்ல மாட்டாத இடம், உங்கள் இன்ஜினின் கம்பெனி ராடும் பிஸ்டனும் எவ்வளவு டார்க் வரை தாங்கும் என்பது. "இந்த இன்ஜின் 300 தாங்கும்" என்று ஒரு எண் எல்லா இன்ஜினுக்கும் உலவும். அது யாரோ ஒருவருடைய இன்ஜின், நல்ல பெட்ரோலில், நல்ல டியூனில், டைனோவில் (பவர் அளக்கும் கருவியில்) சில விநாடி தாங்கிய எண். அதே எண்ணில் முழு பூஸ்டோடு பத்து நிமிடம் மலைப்பாதை ஏறுவது வேறு சங்கதி. உடைந்தவர்கள் பெரும்பாலும் எழுதுவதும் இல்லை.

எனவே என் கருத்து இது, கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 150-லிருந்து 220-க்கு டர்போ இல்லாமல் போவதை தினசரி வண்டிக்கு நான் செய்துதர மாட்டேன். முடியாது என்று இல்லை. அந்தக் கேம் கீழ்ச்சுற்றில் தூங்கும், ஐடிலில் நடுங்கும், வால்வ் ஸ்பிரிங் அடிக்கடி மாற்றும் சாமானாகிவிடும், போக்குவரத்து நெரிசலில் ஆளை வெறுக்க வைக்கும். சத்தம் மட்டும் தேன். 170 போதும் என்றால் டர்போ இல்லாத வழியே சிறந்தது: ஹெடர் (புகை எளிதில் வெளியேற உதவும் எக்ஸாஸ்ட் குழாய்கள்), அளவான கேம், டியூன், கையை வைக்காத அடிப்பாகம். 220-தான் வேண்டும் என்றால் அளவான டர்போ, அதுவும் நான்கு நிபந்தனையோடு. எப்போதும் ஒரே தரத்தில் நல்ல ஆக்டேன் பெட்ரோல் கிடைக்க வேண்டும். டியூன் செய்பவர் ஏற்கெனவே இதே இன்ஜின் குடும்பத்தில் வேலை செய்தவராக, டைமிங்கை (பிளக் எவ்வளவு முன்கூட்டிப் பற்றவைக்கும் என்பதை) தயங்கித் தயங்கிக் கொடுப்பவராக இருக்க வேண்டும். பூஸ்ட் கட், நாக்கிங் கண்டால் டைமிங் குறைப்பது, கலவையில் காற்றுக்குத் தக்க பெட்ரோல் இல்லாமல் போனால் எரிபொருளை வெட்டுவது மூன்றும் ஈசியூவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்காவது உங்கள் கை: ஓடிப் பழகிய ஆறு மாதம் கழித்து "இன்னும் 0.2 பார் ஏற்றினால் என்ன" என்று தோன்றும். தோன்றாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்த நான்கில் ஒன்று தடுமாறினாலும், கம்பெனியே 220 கொடுத்து விற்ற காரைத் தேடி வாங்குவது நம்பகத்தில் இரண்டு வழியையும் தோற்கடிக்கும். எனக்கு வேலை போகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

எதையும் முடிவு செய்யுமுன் இன்ஜினைச் சூடாக்கி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். முடிந்தால் லீக் டவுன் சோதனையும் (சிலிண்டரிலிருந்து காற்று எவ்வளவு கசிகிறது என்பது), சூட்டில் ஐடில் ஆயில் பிரஷரும். 1,40,000 ஓடிய இன்ஜின் என்பதால் நான் முதலில் பார்ப்பது சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான், மொத்த எண்ணை அல்ல. ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் கீழே நின்றால் டர்போவா இல்லையா என்ற பேச்சையே ஒத்திவைத்துவிட்டு, முதலில் ஹெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த எண்களோடு இன்ஜின் மாடலையும் எழுதுங்கள். எத்தனை பார் வரை போகலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.